பிறகு நினைவூட்டு

வாசலில் காவலாளி இருந்தார்.
லொறி இலக்கம் எழுதாமல் எவரையும் உள்ளே விடமாட்டார்.
பின்மதிலில் போத்தல் ஓடு பதித்திருந்தோம்.
நெல் களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டு,
ஒரு சாவி ஹாஜியாரிடம், மற்றது ஜவ்பர் நானாவிடம்.
ரவுட்டருக்கு நான் போட்ட கடவுச்சொல்
எனக்கே ஒருதரத்தில் வராது.

அது சிபாயாவின் மேசைக்கு வந்தது,
பெரும்போக அறுவடையின் ஒன்பதாம் நாள்,
உமித்தூசு திரையில் படிந்த பத்தரை மணிக்கு,
'திருத்திய விலைப்பட்டியல்' என்ற பெயரில்.
பட்டியல்களைத் திறப்பதுதான் அவவின் வேலை.
அதற்குத்தான் சம்பளம்.

திறந்தா.
வெள்ளைத் தாள். ஓர் எழுத்தும் இல்லை.
மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனா.

அவ்வளவுதான் நடந்தது,
கண்ணுக்குத் தெரிந்தவரையில்.

சம்மாந்துறை வட்டையில் இரவுக்காவல் கிடந்தவர்களுக்குத் தெரியும்,
யானை வந்தால் சத்தம் வரும், வெடி கொளுத்தலாம்.
நண்டு அப்படியில்லை.
வரம்பின் அடியில் விரல் பருமன் வளை,
விடியும்போது வயல் வற்றிக் கிடக்கும்.
வக்கடை மட்டும்
கட்டினது கட்டினபடி இருக்கும்.

மூன்றாம் இரவு இரண்டு நாற்பதுக்கு
ஆளில்லாக் கந்தோரில் அவவின் கணனி
எந்த நாட்டிலோ உள்ள ஒரு முகவரியோடு
கதைத்துக்கொண்டிருந்திருக்கிறது.
காலையில் பதிவுகளில் கண்டு வையரைப் பிடுங்கினேன்.
வங்கிக்கு அழைத்தோம்.
விவசாயிகளுக்குப் போகவேண்டிய காசு
அப்போதும் கணக்கிலே இருந்தது.
ஏன் விட்டுவைத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஆரு திறந்த?" என்றார் ஹாஜியார்.
சிபாயா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தபடி நின்றா,
அது வேறு யாருடையதோ என்பதுபோல.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.
அந்தப் பைலை விரிக்கிற மென்பொருள்
நாலு வருசப் பழசு என்று.
அதில் ஓட்டை இருப்பதாக அதைச் செய்தவர்களே அறிவித்து,
அடைக்கும் துண்டையும் அனுப்பி
எட்டு மாதம் என்று.
டேட்டா முடிகிறதென்று மார்கழியில் ஏச்சு விழ,
தானாக இறங்குவதை நிறுத்தி
கேட்டால் மட்டும் இறங்கு என்று மாற்றியது என் விரல் என்று.
அச்சுப்பொறி பூட்டும் அவசரத்தில்
அவவின் கணக்குக்கு முழு அதிகாரம் கொடுத்தவன்
அதைத் திருப்பி எடுக்கவேயில்லை என்று.

லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் சொன்னேன்.
அதற்குள் மூன்று மணித்தியாலம்
அவ குற்றவாளியாய் இருந்து முடித்திருந்தா.

அழவில்லை. ஒன்று கேட்டா:
"அப்ப அந்தச் சின்னப் பெட்டி
ஒவ்வொரு நாளும் வந்து கேக்கக்குள்ள,
'பிறகு நினைவூட்டு' எண்டத அமத்துங்க எண்டு
சொன்ன நீங்கதானே தம்பி?"

பன்னிரண்டு கடந்தால் டேட்டா இலவசம்.
காரைதீவுக்குப் போகாமல் இது நாலாவது இரவு.
பதினொரு கணனி.
எவரும் பாவிக்காத பழைய ஜாவாவைக் கழற்றினேன்,
எதற்கென்று போட்டேனோ, அதுவும் நான்தான்.
காசு அனுப்பும் கணனி இனி
காசு அனுப்ப மட்டும். மெயில் கிடையாது.
ஜவ்பர் நானா முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார்,
அவருக்குக் கிரிக்கெட் பார்க்க அதுதான் வசதி.
சிபாயாவுடையதைத் துடைத்து
அடியிலிருந்து புதிதாக ஏற்றினேன்.
அவவின் மகள் வரைந்து திரையில் வைத்த மயில்
அதோடு போயிற்று.
அதை இன்னும் சொல்லவில்லை.

ஏழாவது கணனி அறுபத்துமூன்று வீதத்தில் நிற்கிறது.
கரண்ட் ஒருக்கால் கண் சிமிட்டுகிறது.
ஆலை நாய் எழும்பி, சுற்றி, பழையபடி படுக்கிறது.

சட்டைப்பையில் என் போன் அதிர்கிறது.
பாதுகாப்புப் புதுப்பிப்பு தயார்.
இப்போது நிறுவவா, பிறகு நினைவூட்டவா?

சார்ஜ் ஒன்பது வீதம்.
வீட்டுக்கு அழைக்கவேண்டும்.
கட்டைவிரல்
இரண்டு சொற்களுக்கும் நடுவில் நிற்கிறது.